கிளையன்ட்டின் டொமைன் என் பெயரில் இருக்கிறது, இப்போது இரண்டு பேர் கேட்கிறார்கள்

ஒற்றைத்தறி

வணக்கம். நான்கு வருடமாகத் தனியாளாக வெப்சைட் செய்து கொடுக்கிறேன். ஆரம்பத்திலிருந்தே ஒரு பழக்கம். "எல்லாத்தையும் நீங்களே பாத்துக்கோங்க" என்பார் கிளையன்ட். நானும் என் ரெஜிஸ்ட்ரார் (டொமைனைப் பதிவு செய்து தரும் நிறுவனம்) கணக்கிலேயே, என் பெயரும் என் மெயில் முகவரியும் போட்டு டொமைனை, அதாவது வெப்சைட்டின் முகவரிப் பெயரை, வாங்கிவிடுவேன். வருடா வருடம் புதுப்பித்து பில்லில் சேர்த்துவிடுவேன். இப்படி 17 டொமைன் சேர்ந்துவிட்டது. ஹோஸ்டிங்கும் (சைட்டை வைக்கும் சர்வர் இடம்) அப்படித்தான், எல்லாம் ஒரே கணக்கு.

போன வாரம் வரை ஒரு தொந்தரவும் இல்லை. அந்த 17-இல் ஒன்று, இரண்டு பங்குதாரர்கள் சேர்ந்து நடத்திய தொழில். இப்போது பிரிந்துவிட்டார்கள். திங்கட்கிழமை ஒருவர் மெயில் போட்டார்: டொமைனை என் கணக்குக்கு மாற்றுங்கள், அவர் கேட்டால் கொடுக்காதீர்கள். புதன்கிழமை மற்றவரிடமிருந்தும் கிட்டத்தட்ட அதே மெயில். வேலையை என்னிடம் கொண்டுவந்தவர் ஒருவர், பணம் அனுப்பிக்கொண்டிருந்தவர் இன்னொருவர். பதிவில் உரிமையாளராக இருப்பதோ நான். புதுப்பிக்க இன்னும் 24 நாள்தான் இருக்கிறது.

யாருக்குக் கொடுப்பது? மீதி 16-ஐ என்ன செய்வது?

கம்பிவடம்

இருவரில் யாருக்கும் கொடுக்காதீர்கள். கொடுத்த நிமிடம் நீங்கள் ஒரு கட்சி ஆகிவிடுவீர்கள்.

24 நாள் வரை காத்திருக்க வேண்டாம், இன்றே புதுப்பித்துவிடுங்கள். டிரான்ஸ்ஃபர் லாக் (வேறு ரெஜிஸ்ட்ராருக்கு நகர்த்த விடாத பூட்டு) போட்டபடியே இருக்கட்டும். டிஎன்எஸ்ஸில் (சைட்டும் மெயிலும் எந்தச் சர்வரில் என்று சொல்லும் பட்டியல்) ஒரு வரியையும் தொடாதீர்கள். பிறகு இருவருக்கும் சேர்த்து ஒரே மெயில் எழுதுங்கள்: இந்த டொமைனை உங்கள் நிறுவனத்துக்காகப் பதிவு செய்து வைத்திருக்கிறேன், எனக்கென்று இதில் உரிமை எதுவும் இல்லை, இருவரும் கையெழுத்திட்ட கடிதமோ நீதிமன்ற உத்தரவோ வந்தால் அதில் சொன்னபடி மாற்றித் தருகிறேன், அதுவரை சைட்டும் மெயிலும் இப்போது போலவே ஓடும். அவ்வளவுதான். போனில் தனித்தனியாகச் சமாதானம் பேசப் போகாதீர்கள். பழைய பில்கள் யார் பெயரில் போயிருக்கின்றன என்றும் பாருங்கள். நிறுவனத்தின் பெயரில் போயிருந்தால் உங்கள் மெயிலுக்கு அதுவே பலம்.

மீதி 16 பற்றி: வீடு கட்டும் கொத்தனார் பெயரிலேயே வீட்டுப் பத்திரத்தையும் பதிவு செய்வார்களா? நாம் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். ரெஜிஸ்ட்ரண்ட் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ரெஜிஸ்ட்ரார் கண்ணுக்கு உரிமையாளர். பணம் யார் கொடுத்தார், லோகோ யாருடையது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் மாட்டார்கள். நாளைக்கு உங்களுக்கே ஏதாவது ஆகிவிட்டால், அந்த 17 பேரும் உங்கள் வீட்டுக்காரர்களிடம் வந்து பாஸ்வேர்டு கேட்டு நிற்பார்கள்.

வாடகைச்சர்வர்

மாற்றுக் கருத்து ஒன்றும் இருக்கட்டும். 12 வருடமாக எல்லா டொமைனையும் என் கணக்கில்தான் வைத்திருக்கிறேன், ஒன்றுகூடக் காலாவதி ஆனதில்லை. நல்ல பிள்ளையாக ஆறு பேருக்கு அவர்கள் கணக்கிலேயே வாங்கிக் கொடுத்தேன். இரண்டு பேர் பாஸ்வேர்டைத் தொலைத்தார்கள். ஒருவர் கார்டு மாறியது, ரெஜிஸ்ட்ரார் அனுப்பிய மெயிலைப் பார்க்கவே இல்லை. சைட் நின்றதும் போன் யாருக்கு வந்தது? எனக்கு. நடு ராத்திரியில்.

கிளையன்ட் நமக்குப் பணம் கொடுப்பதே இந்தத் தலைவலி வேண்டாம் என்றுதான். அவர் தலையிலேயே அதைத் திரும்பக் கட்டிவிட்டு நேர்மை என்று பெயர் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கேட்டால் அன்றைக்கே மாற்றிக் கொடுக்கிறேன், அது போதாதா?

ராத்திரிஷிஃப்ட்

உங்களைப் போன்றவர் நடத்தினால் போதும். எல்லாரும் உங்களைப் போலவா?

நான் ஒரு சைட்டை இன்னொருவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். முதலில் செய்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டார், எந்த நம்பரிலும் எடுக்கவில்லை. டொமைன் அவர் கணக்கில். பதிவில் இருந்த மெயில் முகவரியைப் பார்த்துத் தலையில் கைவைத்துவிட்டேன். அதே டொமைனில் உருவாக்கிய மெயில்! டொமைன் காலாவதியானதும் அந்த மெயிலும் செத்துப்போனது. பாஸ்வேர்டை மீட்கும் லிங்க், நினைவூட்டல் எல்லாமே அந்தச் செத்த பெட்டிக்குத்தான் போய்க்கொண்டிருந்தன. வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய கதை.

டொமைன்களை உலக அளவில் மேற்பார்க்கும் ஐகேன் அமைப்பின் விதிப்படி ரெஜிஸ்ட்ரார் காலாவதிக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் நினைவூட்ட வேண்டும், முடிந்தபின் 5 நாளுக்குள் இன்னொரு முறையும். அவர்கள் அனுப்பியிருப்பார்கள், படிக்க ஆள் இல்லை. டாட் காம் மாதிரியான பொது டொமைன்களில் காலாவதிக்குப் பிறகு 45 நாள் வரை ரெஜிஸ்ட்ரார் அவகாசம் தரலாம். தரலாம் என்பதுதான், தந்தே ஆகவேண்டும் என்றில்லை. சிலர் சீக்கிரமே ஏலத்துக்கு விட்டுவிடுகிறார்கள். நீக்கப்பட்ட பிறகு 30 நாள் மீட்புக் காலம், அதில் எடுத்தால் வழக்கமான கட்டணத்தைப் போலப் பல மடங்கு. அதுவும் தாண்டினால் 5 நாள் நீக்கத்துக்காகக் காத்திருக்கும், அந்த நேரத்தில் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. பிறகு முதலில் பிடிப்பவருக்கு. நாங்கள் மீட்புக் காலத்தின் கடைசி வாரத்தில், அந்த மனிதரின் தம்பியைத் தேடிப் பிடித்து, அவர் மூலமாக எடுத்தோம். அந்தத் தம்பி தொடர்பில் கிடைக்காமல் போயிருந்தால்?

வாடகைச்சர்வர்

பதிவில் அதே டொமைனின் மெயிலைப் போடுவது சின்னப் பையன் தப்பு. அதற்கும் யார் கணக்கு என்பதற்கும் சம்பந்தமில்லை. கிளையன்ட் கணக்கிலும் இதே தப்பு நடக்கும்.

கம்பிவடம்

நடக்கும். அதனால்தான் "கணக்கைத் திறந்துகொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிவிடக்கூடாது என்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து, இல்லையென்றால் திரையைப் பகிர்ந்து, அவர் கையாலேயே திறக்க வைப்பேன். அரை மணி நேரம் ஆகும். மெயில் முகவரி வேறு டொமைனில் இருக்க வேண்டும், அதுவும் முதலாளியே தினமும் பார்க்கிற பெட்டியாக. வேலைக்கு வந்து போகிற ஊழியரின் முகவரி வேண்டவே வேண்டாம். தானியங்கிப் புதுப்பித்தல் போட்டு, கார்டு அவருடையதாகவே இருக்கட்டும். கார்டு காலாவதி ஆகிவிடும் என்று பயமிருந்தால் மொத்தமாகப் பல வருடத்துக்குப் புதுப்பித்துவிடலாம், பொது டொமைன்களுக்கு 10 வருடம் வரை முடியும். இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போட்டு, அவசரக் குறியீடுகளை அச்செடுத்து அவர் பீரோவில் வைக்கச் சொல்வேன்.

அப்புறம்தான் முக்கியமான விஷயம். பெரும்பாலான ரெஜிஸ்ட்ரார்களில் கணக்கின் பாஸ்வேர்டைத் தராமலேயே இன்னொருவருக்கு அனுமதி கொடுக்கும் வசதி இருக்கிறது. டிஎன்எஸ்ஸை மாற்றலாம், புதுப்பிக்கலாம், ஆனால் வெளியே டிரான்ஸ்ஃபர் செய்ய முடியாது என்ற அளவுக்கு. அதை வாங்கிக்கொள்ளுங்கள். காலாவதித் தேதி என் காலண்டரிலும் இருக்கும், 60 நாள் முன்னால் நானே அவருக்குச் சொல்வேன். வாடகைச்சர்வர் செய்கிற கவனிப்பு எல்லாமே இதிலும் உண்டு, பத்திரம் மட்டும் அவர் பெயரில். கவனிப்புக்குத்தான் கட்டணம் என்று பில்லில் தனி வரி போடுங்கள். டொமைன் விலையில் நாலு காசு சேர்த்து ஒளிப்பதைவிட இதில் நிம்மதி அதிகம்.

ஒற்றைத்தறி

பங்குதாரர்கள் இருவருக்கும் மெயில் அனுப்பிவிட்டேன். டொமைனைப் புதுப்பித்தும்விட்டேன். ஒருவர் கோபமாகப் பதில் போட்டார், மற்றவர் மௌனம்.

இப்போது அடுத்த கேள்வி. மீதி 16-ஐ மாற்றுவதென்றால் ஒவ்வொன்றுக்கும் டிரான்ஸ்ஃபர் கோடு எடுத்து, நாள்கணக்கில் காத்திருக்க வேண்டுமா? 60 நாள் பூட்டு என்று எதுவோ படித்தேன், பயமாக இருக்கிறது.

கம்பிவடம்

அதே ரெஜிஸ்ட்ராரில் கிளையன்ட் ஒரு கணக்கு திறந்தால் டிரான்ஸ்ஃபரே தேவையில்லை. கணக்கு விட்டுக் கணக்குத் தள்ளும் வசதி இருக்கும், பெரும்பாலும் சில நிமிடத்தில் முடிந்துவிடும். நேம்சர்வர் (டிஎன்எஸ் பட்டியலை வைத்திருக்கும் சர்வர்) அப்படியே இருந்தால் சைட்டுக்குத் தெரியக்கூடத் தெரியாது. ஆனால் டிஎன்எஸ் வரிகளும் கூடவே நகர்கின்றனவா என்று அவர்களிடம் முன்னாலேயே கேட்டுவிடுங்கள், சில இடங்களில் நகராது.

60 நாள் கதை இது. பொது டொமைன்களில், புதிதாகப் பதிவு செய்தாலோ ரெஜிஸ்ட்ரார் மாற்றினாலோ அடுத்த 60 நாளுக்கு வேறு ரெஜிஸ்ட்ராருக்குப் போவது கடினம். உரிமையாளர் பெயரையோ மெயிலையோ மாற்றினாலும் அதே பூட்டு விழும், முன்கூட்டியே வேண்டாம் என்று சொல்ல ரெஜிஸ்ட்ரார் வசதி கொடுத்திருந்தால் தவிர்க்கலாம். ஆகவே கிளையன்ட் வேறு ரெஜிஸ்ட்ராருக்குப் போகப் போகிறார் என்றால் முதலில் டிரான்ஸ்ஃபர், பிறகு பெயர் மாற்றம். தலைகீழாகச் செய்தால் இரண்டு மாதம் சும்மா உட்கார வேண்டும். டாட் இன் மாதிரியான நாட்டுக் குறியீட்டு டொமைன்களுக்கு ஒவ்வொரு நாட்டிலும் விதி வேறு, அவற்றைத் தனியாகப் பாருங்கள்.

இன்னொன்று, இதில் பலர் விழுகிறார்கள். உரிமையாளர் விவரத்தை மாற்றியதும் புதிய மெயிலுக்கு ஒரு சரிபார்ப்புக் கடிதம் போகும். 15 நாளுக்குள் அதிலுள்ள லிங்க்கை அழுத்தவில்லையென்றால் டொமைனையே நிறுத்திவைப்பார்கள். கிளையன்ட் அதை விளம்பர மெயில் என்று நினைத்து அழித்துவிடுவார். சைட் பதினாறாம் நாள் நிற்கும், நீங்கள் சர்வரைத் தோண்டிக்கொண்டிருப்பீர்கள். மாற்றிய அன்றே போன் செய்து, அவர் அழுத்தும்வரை லைனில் இருங்கள்.

ராத்திரிஷிஃப்ட்

16-ஐயும் ஒரே நாளில் செய்யாதீர்கள் என்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். பதினாறு போன் ஒரே நேரத்தில் வரும்.

அஞ்சல்பெட்டி

எல்லோரும் சைட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். சைட் ஒரு மணி நேரம் நின்றால் கிளையன்ட் கவனிப்பதுகூட இல்லை. மெயில் பத்து நிமிடம் நின்றால் உயிரை வாங்கிவிடுவார்.

என் கதை. புது ஹோஸ்டிங்குக்கு மாற்றும்போது, வெல்கம் மெயிலில் சொன்னபடி நேம்சர்வரை மாற்றிவிட்டேன். சைட் அழகாக வந்தது, தூங்கப் போய்விட்டேன். அந்த நிறுவனத்தின் மெயில் வேறொரு சேவையில் இருந்தது, மெயில் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் வரிகள் பழைய டிஎன்எஸ்ஸில். புதிய இடத்தில் அவை இல்லை. வந்த மெயில் எல்லாம் புதிய ஹோஸ்டிங்கிலிருந்த, யாரும் திறக்காத ஒரு பெட்டிக்குள் போய் விழுந்திருக்கிறது. திரும்பிவந்திருந்தாலாவது அனுப்பியவருக்குத் தெரிந்திருக்கும். ஒன்றரை நாள் கழித்து "ஏன் யாருமே எழுதவில்லை" என்று கேட்டார்கள். ஒவ்வொன்றாக எடுத்து அனுப்பிக் கொடுத்தேன். அன்று பட்ட வெட்கத்துக்கு இன்று வரை நேம்சர்வரைத் தொடுமுன் பழைய டிஎன்எஸ் முழுவதையும் ஒரு ஃபைலில் எடுத்து வைக்காமல் கை நகர்வதில்லை.

சைட் மட்டும் மாறினால் நேம்சர்வரைத் தொடவே வேண்டாம், சைட்டின் சர்வர் முகவரியைச் சொல்லும் ஏ ரெக்கார்டு ஒன்றை மாற்றினால் போதும். அதற்கு முந்தின நாளே அதன் டிடிஎல்லை (பழைய பதிலை மற்ற சர்வர்கள் நினைவில் வைக்கும் நேரம்) 300 விநாடிக்குக் குறைத்துவிடுங்கள். நேம்சர்வரையே மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் இந்தக் குறைப்பு உதவாது. டாட் காமின் மேல்நிலைச் சர்வர்களில் நேம்சர்வர் வரியின் டிடிஎல் 172800 விநாடி, அதாவது முழுதாக இரண்டு நாள். அது நம் கையில் இல்லை. "பரவ 48 மணி நேரம் ஆகும்" என்று ஆளாளுக்குச் சொல்வது இங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். உண்மையில் எதுவும் பரவுவதில்லை, அங்கங்கே நினைவில் வைத்த பழைய பதில் காலாவதி ஆகிறது. அதனால் பழைய டிஎன்எஸ்ஸையும் பழைய ஹோஸ்டிங்கையும் குறைந்தது அந்த இரண்டு நாளுக்காவது உயிரோடு வைத்திருங்கள்.

டிஎன்எஸ்செக் (டிஎன்எஸ் பதில் போலி இல்லை என்று கையெழுத்தால் உறுதி செய்யும் பாதுகாப்பு) போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அதன் சாவியை மேல்நிலைச் சர்வரில் காட்டும் டிஎஸ் வரியை எடுக்காமல் நேம்சர்வரை மாற்றினால், சிலருக்குச் சைட் வரும் சிலருக்கு வராது. அந்தக் குழப்பம் பேய் பிடித்த மாதிரி இருக்கும். முதலில் டிஎஸ்ஸை நீக்கி, ஒரு நாளுக்கு மேலாகக் காத்திருந்து, பிறகுதான் நேம்சர்வர்.

ஒற்றைத்தறி

மெயில் போலி இல்லை என்று காட்டும் எஸ்பிஎஃப் (எந்தச் சர்வர்கள் அனுப்பலாம் என்ற பட்டியல்), டிகிம் (மெயிலில் போடும் கையெழுத்து), டிமார்க் (இவை தவறினால் என்ன செய்வது என்ற அறிவிப்பு) மூன்றும் கட்டாயமா? என் பாதி கிளையன்ட்களுக்கு எதுவுமே இல்லை.

அஞ்சல்பெட்டி

2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் கெடுபிடியாகிவிட்டன. ஒரு நாளைக்கு 5000-க்கு மேல் அனுப்புபவர்களுக்கு ஜிமெயில் மூன்றையும் கேட்கிறது, மற்றவர்களுக்கு முதல் இரண்டில் ஒன்றாவது வேண்டும். மூன்றையும் போட்டுவிடுங்கள், பெரிய வேலை இல்லை. ஒரே எச்சரிக்கை: எஸ்பிஎஃப் ஒரு டொமைனுக்கு ஒரே வரிதான். ஒவ்வொரு சேவையும் "இந்த வரியைச் சேருங்கள்" என்று சொல்வதை அப்படியே இரண்டாவது வரியாகச் சேர்த்தால் இரண்டுமே செல்லாது. ஒன்றுக்குள் இணைக்க வேண்டும், அதுவும் 10 டிஎன்எஸ் தேடலுக்குள்.

வெப்சைட்டின் தொடர்புப் படிவத்திலிருந்து போகிற மெயிலை நேரடியாக ஹோஸ்டிங் சர்வரிலிருந்து அனுப்பாதீர்கள். அதே சர்வரைப் பகிரும் பக்கத்து வீட்டுக்காரர் அனுப்பிய குப்பைக்கு உங்கள் ஐபி தடைப்பட்டியலில் இருக்கும்.

வாடகைச்சர்வர்

டொமைன் விஷயத்தில் அரை மனதாகச் சரி என்கிறேன், அனுமதி மட்டும் வாங்கிக்கொள்ளும் வழி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஹோஸ்டிங்கை விடமாட்டேன். அதுதான் மாதா மாதம் வரும் வருமானம், கிளையன்ட் எதை எங்கே வாங்க வேண்டும் என்று குழம்பவும் தேவையில்லை.

கம்பிவடம்

ஹோஸ்டிங் வாடகை வீடு. யார் கணக்கில் இருந்தாலும் டொமைன் கையில் இருந்தால் கிளையன்ட் மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விடலாம். அதனால் அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஒற்றைத்தறி ஒரே கணக்கில் 17 சைட் என்றாரே, அங்கேதான் இடிக்கிறது.

ஒரே பயனர் கணக்குக்குள் பல வேர்ட்பிரஸ் வைத்தால், ஒன்றில் நுழைந்தவனுக்கு எல்லாமே திறந்த வீடு. யாரோ ஒருவர் மூன்று வருடமாக அப்டேட் செய்யாத ஒரு ஸ்லைடர் பிளகினுக்காக மற்ற 16 பேரும் அடி வாங்குவார்கள். ஒவ்வொரு கிளையன்ட்டுக்கும் தனிப் பயனர், தனி டேட்டாபேஸ், தனி பாஸ்வேர்டு. ரீசெல்லர் (ஹோஸ்டிங்கை மொத்தமாக வாங்கிப் பிரித்துக் கொடுக்கும்) திட்டத்தில் இது சுலபம்.

பேக்கப்பும் அப்படித்தான். அதே சர்வரில் கிடக்கும் பேக்கப்பை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்து போகும். வெளியே, வேறு நிறுவனத்தில் ஒரு பிரதி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு சைட்டை அதிலிருந்து எடுத்து வேறு இடத்தில் ஓட்டிப் பாருங்கள். நான் முதல் தடவை ஓட்டிப் பார்த்தபோது டேட்டாபேஸ் ஃபைல் பூஜ்யம் பைட். எட்டு மாதமாக.

வாடகைச்சர்வர்

பூஜ்யம் பைட்டா! இன்றைக்கே போய் என்னுடையதைப் பார்க்கிறேன்.

எஸ்எஸ்எல் (சைட்டின் பாதுகாப்பான இணைப்புக்கான சான்றிதழ்) பற்றி யாரும் சொல்லவில்லை. லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு தரும் இலவசச் சான்றிதழ் 90 நாள்தான், தானாகப் புதுப்பிக்கிறது என்று விட்டுவிடுகிறோம். காலாவதி நெருங்கினால் முன்பெல்லாம் அவர்களே மெயில் அனுப்புவார்கள், 2025 ஜூனில் அதை நிறுத்திவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கும் சான்றிதழும் இனி நீண்ட நாள் வராது. 2029 மார்ச்சுக்குள் அதிகபட்சம் 47 நாள் என்று முடிவெடுத்துவிட்டார்கள். கையால் புதுப்பிக்கிறவர்கள் இப்போதே பழக்கத்தை மாற்றுவது நல்லது. சைட்டையும் சான்றிதழையும் கவனித்து எச்சரிக்கும் ஒரு சேவையைப் போட்டு வையுங்கள்.

புதுக்கணக்கு

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன், ஒரு சந்தேகம். கிளையன்ட் பணம் தராமல் இழுத்தடித்தால் டொமைன் நம்மிடம் இருப்பதுதானே ஒரே பிடி? அதையும் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்பதா?

ராத்திரிஷிஃப்ட்

சில பேர் அப்படி வசூல் செய்திருக்கிறார்கள், எனக்குத் தெரியும். பணம் வந்தது. அந்த கிளையன்ட் அடுத்த பத்து பேரிடம் சொன்னதும் வந்து சேர்ந்தது.

கம்பிவடம்

பாக்கி வேறு, டொமைன் வேறு. நீங்கள் செய்த வேலைக்குப் பணம் வரவில்லை என்றால் வேலையைப் பிடித்து வைக்கலாம். புதிய சைட்டை ஏற்றாமல் இருக்கலாம், ஹோஸ்டிங்கை ஒப்பந்தத்தில் சொன்ன நாள் கணக்குப்படி அறிவிப்பு கொடுத்து நிறுத்தலாம். அவருடைய பெயரும் மெயிலும் தொங்குகிற டொமைனைப் பிடித்தால், பாக்கி வைத்தவர் அவர், வழக்கில் நிற்பவர் நீங்கள் என்று ஆகிவிடும். பாதிப் பணம் முன்னாலேயே, மீதி சைட்டை ஏற்றும் முன் என்று வைத்துக்கொண்டால் இந்தப் பிடியே தேவைப்படாது. முன்பணம் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள்தான் டொமைனைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பது என் அனுபவம். நானும் அப்படி இருந்தவன்தான்.

புதுக்கணக்கு

கூச்சம் என்பது சரியாகத்தான் இருக்கிறது. ஒப்பந்தத்தில் இதற்கு என்ன எழுதுவது?

கம்பிவடம்

மூன்று நாலு வாக்கியம் போதும். டொமைன் கிளையன்ட்டுக்குச் சொந்தம், அவர் பெயரில் பதிவாகும். புதுப்பிக்கும் பணத்துக்கு அவர் பொறுப்பு, நினைவூட்டுவதற்கு நான் பொறுப்பு. ஹோஸ்டிங் என்னுடையது, விலகினால் 30 நாள் அவகாசமும் முழு பேக்கப்பும் தருவேன். எந்த நேரத்தில் போன் எடுப்பேன், எந்த நேரத்தில் எடுக்கமாட்டேன் என்பதும் ஒரு வரி. இந்தக் கடைசி வரிதான் வாடகைச்சர்வரின் நடு ராத்திரிக்கு மருந்து.

ஒற்றைத்தறி

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். 16-இல் 13 அவரவர் கணக்குக்குப் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று என்று வைத்துக்கொண்டேன். சரிபார்ப்பு மெயிலை ஒருவர் அழித்தேவிட்டார், மறுபடி அனுப்ப வைத்துச் சமாளித்தோம். ஒரு அம்மாவுக்கு மாற்றிக் கொடுத்தபோது "இத்தனை நாளா இது என் பேர்ல இல்லையா?" என்று கேட்டார். பதில் சொல்லச் சங்கடமாக இருந்தது. இரண்டு பேர் இன்னும் கணக்கு திறக்கவில்லை, அடுத்த வாரம் நேரில் போகிறேன். ஒருவர் முடியவே முடியாது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அவருக்குப் பதிவில் பெயரையும் மெயிலையும் மட்டும் அவருடையதாக மாற்றி, இதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஹோஸ்டிங்கில் ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் போட்டாகிவிட்டது.

பங்குதாரர்கள் விஷயம்: நேற்று இருவரும் கையெழுத்திட்ட கடிதம் வந்தது. டொமைன் ஒருவருக்கு, மற்றவருடைய மெயில் பெட்டி ஒரு வருடத்துக்கு அவருடைய புதிய முகவரிக்கு ஃபார்வேர்டு ஆக வேண்டும். அஞ்சல்பெட்டி, இந்த ஃபார்வேர்டு எஸ்பிஎஃப்பில் இடிக்கும் என்று எங்கேயோ படித்த ஞாபகம். என்ன செய்யலாம்?

அஞ்சல்பெட்டி

இடிக்கும். அனுப்பியவரின் எஸ்பிஎஃப்பில் உங்கள் சர்வர் இருக்காது அல்லவா. டிகிம் கையெழுத்து கலையாமல் போனால் பெரும்பாலும் தப்பிக்கும், ஆகவே தலைப்பையோ உள்ளடக்கத்தையோ மாற்றாத ஃபார்வேர்டாக இருக்கட்டும். சர்வரில் எஸ்ஆர்எஸ் (அனுப்பியவரின் உறை முகவரியை நம் டொமைனுக்கு மாற்றி எழுதுவது) வசதி இருந்தால் அதையும் போடுங்கள். இதைவிடச் சுலபம், ஃபார்வேர்டே வேண்டாம். அவருக்கு அந்தப் பழைய பெட்டியின் பாஸ்வேர்டைக் கொடுத்து, புதிய பெட்டியோடு சேர்த்து ஒரே ஆப்பில் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் அந்தப் பாஸ்வேர்டைக் கொடுக்கலாம் என்று டொமைன் கிடைத்தவரிடம் எழுத்தில் வாங்கிவிட்டுக் கொடுங்கள்.

ஒற்றைத்தறி

கேட்டு மெயில் போட்டுவிட்டேன், இருவருக்கும் சேர்த்துத்தான்.